வடிகால் இல்லாத வயல் மண்: காவிரி டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, தஞ்சாவூரின் கிழக்குப் பகுதி. இந்தப் பக்கத்து வயல்களைப் பற்றி என்னிடம் வருகிற சந்தேகங்கள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வரும். உரக்கடை வாசலில், களத்துமேட்டில், போனில் என்று திரும்பத் திரும்பச் சொன்னதை எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். இங்கே சொல்வதெல்லாம் பழைய டெல்டாவின் களிமண் வயலுக்கு. பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கத்துச் செம்மண் வேறு கதை.

1. மழை பெஞ்சா எல்லா வயல்லயும்தான் தண்ணி நிக்குது. எங்க மண்ண மட்டும் வடிகால் கெட்ட மண்ணுன்னு எப்படிச் சொல்றீங்க?

மேலே நிற்கிற தண்ணீரை வைத்துச் சொல்வதில்லை. அடியில் எவ்வளவு உயரத்தில், எத்தனை நாள் நிற்கிறது என்பதுதான் கணக்கு. மழை விட்டு நாலைந்து நாள் கழித்து, வயல் ஓரத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டிவிட்டு வாருங்கள். மறுநாள் காலை குழியில் தண்ணீர் ஊறி, மேல்மட்டத்திலிருந்து ஒரு சாணுக்குள் நின்றால் வேர் இருக்க வேண்டிய இடம் முழுக்கத் தண்ணீர் என்று அர்த்தம். ஐப்பசியிலிருந்து தை வரை இதே நிலை என்றால், அது வடிகால் கெட்ட மண்தான். மண்ணாய்வுக்காரர்கள் கணக்கும் ஏறக்குறைய இதுதான்: தண்ணீரை வெட்டி வெளியேற்றாமல் பெரும்பாலான புன்செய்ப் பயிர்களை எடுக்க முடியாத அளவுக்கு வருஷத்தில் நீண்ட காலம் ஊறிக் கிடக்கிற மண்.

குழி தோண்டச் சோம்பலாக இருந்தால் வரப்பு ஓரத்தைப் பாருங்கள். கோரை, சம்பு, நீர்முள்ளி மூன்றும் சேர்ந்து செழிப்பாக நின்றால் பெரும்பாலும் விடை அங்கேயே இருக்கிறது.

2. ஒரே ஆத்துத் தண்ணி, ஒரே ஊரு. ஆத்தங்கரைக்காரருக்கு வாழை, வெத்தல எல்லாம் வருது. எங்களுக்கு நெல்ல விட்டா வேற எதுவும் நிக்கல. ஏன் சார்?

மண்ணைக் கொண்டுவந்த வெள்ளம் செய்த வேலை இது. ஆறு கரை புரளும்போது வேகம் சட்டென்று குறையும். கனமான மணலும் பொடி மணலும் கரையை ஒட்டியே இறங்கிவிடும். அதுதான் படுகை. சற்று உயரமாக, தண்ணீர் இறங்குகிற மண்ணாக இருக்கும். திருவையாறு பக்கத்து வாழைக்கும் வெற்றிலைக் கொடிக்காலுக்கும் இடம் கொடுத்தது அந்த மேடு. நுண்ணிய களி மட்டும் தண்ணீரோடு தள்ளிப் போய், ஆற்றுக்கும் ஆற்றுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் நாள்கணக்கில் தேங்கி, மெதுவாகப் படியும். உங்கள் வயல் அந்தப் பள்ளத்தில் இருக்கிறது.

ஆகவே உங்களுக்கு மூன்று தொல்லையும் ஒன்றாக வந்திருக்கிறது: மண் களி, நிலம் பள்ளம், கடல் வரை சரிவு இல்லை. மண்ணைக் குறை சொல்லி மூட்டை மூட்டையாக எதையாவது வாங்குகிறவர்கள் முதல் ஒன்றை மட்டும்தான் பார்க்கிறார்கள். மற்ற இரண்டும்தான் பெரியவை என்பது என் கணிப்பு. கீழே பல பதில்களில் இது திரும்ப வரும்.

3. தோண்டிப் பாத்தா மேல கறுப்பு, அடியில சாம்பல் கலரு. நடுநடுவுல துரு புடிச்ச மாதிரி இருக்கு. மண்ணுக்கு ஏதாவது சீக்கா?

சீக்கு இல்லை. அது அந்த மண்ணின் நாட்குறிப்பு. மண்ணுக்குச் சிவப்பும் பழுப்பும் தருவது இரும்பு. காற்று உள்ளவரை அந்த இரும்பு துருவாகவே இருக்கும். தண்ணீர் நிறைந்து காற்று தீர்ந்ததும் கரைகிற நிலைக்கு மாறி, இடம் பெயர்ந்துவிடும். இரும்பு விட்டுப்போன களி சாம்பல் நிறத்திலும், சில இடங்களில் நீலப்பச்சையாகவும் தெரியும். வேர் போன துளையிலும் வெடிப்பு ஓரத்திலும் கொஞ்சம் காற்று எட்டும். கரைந்த இரும்பு அங்கே மறுபடி துருவாகப் படியும். ஒரு கட்டியை உடைத்துப் பாருங்கள், பழைய நெல் வேரின் தடத்தில் ஆரஞ்சுக் கோடு நூல் மாதிரி ஓடும்.

இதில் ஒரு வசதி உண்டு. கோடையில் வயல் காய்ந்து கிடக்கும்போது தோண்டினாலும், மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை ஏறி நிற்கும் என்று நிறமே சொல்லிவிடும். துருப்புள்ளி தொடங்கும் ஆழம்வரை தண்ணீர் ஏறி இறங்குகிறது. வெறும் சாம்பல் தொடங்கும் ஆழத்துக்குக் கீழே பெரும்பாலும் தண்ணீர்தான். நிலம் வாங்கப் போகிறவர்கள் தரகர் சொல்வதைவிட இந்தக் குழியை நம்பலாம்.

4. வயல்ல கால் வச்சா கொப்புளம் கொப்புளமா வருது, அழுகின முட்ட நாத்தம் அடிக்குது. நட்ட பயிரு மஞ்சளாவும் போவுது.

தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. வயலில் தண்ணீர் கட்டியதும் நுண்ணுயிர்கள் இருக்கிற ஆக்சிஜனை ஓரிரு நாளில் தீர்த்துவிடும். அப்புறம் நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு, சல்பேட் என்று வரிசையாக ஒவ்வொன்றையும் பயன்படுத்தி மூச்சு விடும். சல்பேட்டைத் தொடும்போது வருவது முட்டை நாற்றம். எல்லாம் தீர்ந்த பிறகு வருவது மீத்தேன். காலடியில் வெடிக்கிற கொப்புளத்தில் பெரும்பாலும் அதுதான் இருக்கும்.

பயிர் மஞ்சளாகிறது என்றால் நான் முதலில் கேட்பது, முந்தின போகத்து வைக்கோலை என்ன செய்தீர்கள் என்று. குறுவையை மெஷினில் அறுத்து, தாளை அப்படியே மடக்கி உழுது, ஒரு வாரத்துக்குள் தாளடி நட்டால் இந்தத் தொல்லை வந்தே தீரும். பச்சைத் தாள் அழுகும்போது காற்றெல்லாம் அதற்கே போய்விடும். பயிரைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். கறுத்து நாறினால் தண்ணீரை வடித்து, மேல் மண் லேசாகக் கீறல் விடும்வரை காயவிட்டு, அப்புறம் தண்ணீர் கட்டுங்கள். புது வெள்ளை வேர் வந்த பிறகு உரம் போடலாம். அடுத்த முறை மடக்கி உழுதபின் இரண்டு வாரமாவது விட்டு நடுங்கள்.

5. காத்தே இல்லாத சேத்துல நெல்லு மட்டும் எப்படிண்ணே நிக்குது?

நெல் தன் காற்றைத் தானே கொண்டுவருகிறது. தண்டிலும் வேரிலும் காற்றறைகள் உண்டு. இலை வழியாக வரும் ஆக்சிஜன் வேர் நுனி வரை போய், வெளியேயும் கொஞ்சம் கசியும். நல்ல நெல் வேரைக் கழுவினால் செம்பழுப்பாக இருப்பதற்குக் காரணம், கசிந்த ஆக்சிஜன் பட்டு இரும்பு வேர்மேல் துருவாக ஒட்டுவதுதான். துவரைக்கும் பருத்திக்கும் இந்த வசதி இல்லை, அதனால் இரண்டு மூன்று நாளிலேயே வாடிவிடும்.

6. யூரியா போட்டா போட்ட இடமே தெரியல. யூரியாவே கலப்படமா?

கலப்படத்தைவிட வயல்தான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். சேற்றின் மேல்புறம் சில மில்லிமீட்டர் மட்டும் காற்றுள்ள படலம். அங்கே யூரியா நைட்ரேட்டாக மாறி, கொஞ்சம் கீழே இறங்கினால் நாலாவது பதிலில் சொன்ன நுண்ணுயிர்கள் அதை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். பாசி படர்ந்த தண்ணீரில் வெயில் நேரத்தில் வீசினால் அமோனியாவாக வேறு பறக்கும்.

ஒரே தடவையில் கொட்டாமல் மூன்று நாலு தடவையாகப் பிரித்துப் போடுங்கள். போடும்முன் தண்ணீரை வடித்து, சேறு மட்டும் இருக்கும்போது வீசி, மறுநாள் தண்ணீர் கட்டினால் உரம் சேற்றுக்குள் இறங்கும். தண்ணீரை வடிக்கவே வழியில்லாத வயலில் இது முடியாது என்பீர்கள். உண்மைதான், அதற்குப் பதினோராவது கேள்விக்குப் போங்கள்.

7. நட்டு மூணு வாரத்துல அடி இலையெல்லாம் துருப்புள்ளி. சிங்க் குறைன்னாங்க. ஆனா மண் பரிசோதனைல சிங்க் போதுமான அளவுன்னுதானே வந்துச்சு?

ஆய்வகத்துக்குப் போனது காய்ந்த மண். பயிர் நிற்பது ஊறிய மண்ணில். இரண்டும் வேதியியலில் வேறு வேறு. தண்ணீர் கட்டியதும் அமில மண்ணும் கார மண்ணும் நடுநிலையை நோக்கி நகரும், மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) இரும்பும் கூடுதலாகக் கிடைக்கும், துத்தநாகம் (சிங்க்) மட்டும் குறையும். தொடர்ந்து ஊறிக் கிடக்கிற வயலில் இது இன்னும் மோசம். பரிசோதனை பொய் சொல்லவில்லை, நாம் கேட்ட கேள்விக்குத்தான் அது பதில் சொன்னது.

ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து, நடவுக்குமுன் மேலாக வீசுங்கள். டி.ஏ.பி.யோடு கலக்காதீர்கள், மணிச்சத்து அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புள்ளி வந்துவிட்டால் 0.5 சதவீத துத்தநாக சல்பேட்டும் 1 சதவீத யூரியாவும் கலந்து தெளிக்கலாம்.

8. கோடைல கையி நுழையுற அளவுக்கு வெடிக்குது. அவ்வளவு வெடிப்பு இருந்தா தண்ணி கீழ இறங்கணும்ல?

முதல் மழைக்கு இறங்கும், நன்றாகவே இறங்கும். இந்தக் களியில் தண்ணீரைக் குடித்து உப்புகிற வகைத் தாது நிறைய. திருவாரூர், நாகை பக்கத்து களத்தூர் வகை மண் இதற்குப் பேர்போனது. நனைந்ததும் உப்பி, வெடிப்பு மூடிக்கொண்டுவிடும். அதன்பிறகு சேற்றுழவு அடித்த வயலில் ஒரு நாளைக்குச் சில மில்லிமீட்டர் இறங்கினாலே அதிகம். குறுவைக்குத் தண்ணீர் வந்ததும் முதல் நனைப்புக்கு அவ்வளவு தண்ணீர் குடிப்பதும், ஐப்பசியில் ஒரு மழைக்கே குளமாவதும் ஒரே மண்தான்.

9. மணல் அடிச்சு, ஆழமா உழுது விட்டா சரியாயிடாதா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கரில் மேல் 15 செ.மீ. மண்ணின் எடை ஏறக்குறைய 850 டன். அதில் பாதி களி என்றால், களியை 30 சதவீதத்துக்குக் கொண்டுவர 550 டன்னுக்கு மேல் மணல் வேண்டும். அவ்வளவு மணலுக்கு எங்கே போவது? அனுமதி, விலை எல்லாம் ஒருபக்கம் இருக்கட்டும். கொட்டினாலும் நிலம் அதே பள்ளத்தில்தான் இருக்கும்.

ஆழ உழவில் இன்னொரு சிக்கல். பல காலச் சேற்றுழவால் ஒரு சாணுக்குக் கீழே இறுகிய தட்டு உண்டாகியிருக்கும். நெல்லுக்குத் தண்ணீரைப் பிடித்து வைப்பதும், டிராக்டரைத் தாங்குவதும் அந்தத் தட்டுதான். அதை உடைத்துவிட்டு நெல்லே நடுவதென்றால் லாபம் இல்லை, நஷ்டம் மட்டும் நிச்சயம்.

10. ஜிப்சம் போடச் சொல்றாங்களே, போடலாமா?

மண் களரா, உவரா, வெறும் களியா என்று தெரிந்த பிறகு. களரில் சோடியம் களித்துகளோடு ஒட்டியிருக்கும், கார அமில எண் (pH) 8.5-க்கு மேல் போகும். அங்கே ஜிப்சம் வேலை செய்யும். உவரில் இருப்பது கரையும் உப்பு, அதற்கு நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், ஜிப்சம் தேவையில்லை. வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் சித்திரையில் வெள்ளைப் பூத்துக் கிடப்பது, அடித்தண்ணீர் மேலேறி ஆவியாகி விட்டுப்போன உப்பு.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி: கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணீர் ஊற்றி, சுண்டைக்காய் அளவு காய்ந்த கட்டி ஒன்றை மெதுவாகப் போட்டு, அசைக்காமல் இரண்டு மணி நேரம் விடுங்கள். கட்டி சரிந்து பொலபொலவென்று விழுந்தால் பரவாயில்லை. சுற்றிலும் பால் கலந்த மாதிரி மூட்டம் கிளம்பினால் சோடியம் இருக்கிறது, பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

எதுவாக இருந்தாலும், விடுபட்ட சோடியமும் கரைந்த உப்பும் தண்ணீரோடு வயலை விட்டு வெளியேற வேண்டும். வெளியேற வழி இல்லாத வயலில் போட்ட ஜிப்சம் காசுக்குப் பிடித்த கேடு.

11. சரி, வயலச் சுத்தி வாய்க்கால் வெட்டினேன். தண்ணி வெளிய போறதுக்குப் பதிலா உள்ள வருது. இப்ப என்ன பண்றது?

எல்லாக் கேள்வியும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். வாய்க்கால் வெட்டுவது பாதி வேலை, அது போய்ச் சேரும் இடம் உங்கள் வயலைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். கீழ் டெல்டாவில் மேலூரின் வடிகால் கீழூருக்குப் பாசனம். உங்கள் வாய்க்கால் சேரும் பெரிய வடிகாலில் வெங்காயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்திருந்தால் அதன் தண்ணீர்மட்டம் உங்கள் வயலைவிட உயர்ந்துவிடும். அப்புறம் உள்ளே வராமல் என்ன செய்யும்?

இன்னும் கிழக்கே போனால் கடல். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை கொட்டும் அதே நேரத்தில் கடலும் ஏறி நிற்கும். முகத்துவாரத்தில் மணல் மேடு, காற்று கரையை நோக்கி. கோரையாறு, பாமணியாறு போன்றவை முத்துப்பேட்டை உப்பங்கழியில் சேரும் இடத்தில் ஓதம் (கடல் ஏற்றம்) இறங்கினால்தான் ஆறு இறங்கும். கடைமடை ரெகுலேட்டரின், அதாவது ஆற்றின் கடைசி மதகின், ஷட்டரைத் தூக்கினாலும் ஓத நேரத்தில் உப்புத்தண்ணீர்தான் உள்ளே வரும்.

தனி ஆள் செய்யக்கூடியது: வயலின் தாழ்ந்த மூலையைக் கண்டுபிடித்து அங்கே மட்டும் மடை வைப்பது, ஒன்றரை அடி ஆழத்தில் உள் வாய்க்கால் எடுப்பது, உயரமான ஓரத்தை மேட்டுப்பாத்தியாக்கி அதில் காய்கறி வைப்பது. ஊர் சேர்ந்து செய்ய வேண்டியது: வடிகாலை ஐப்பசி பிறந்தபின் அல்ல, ஆடி ஆவணிக்குள் தூர்வாருவது, அதுவும் கீழ்முனையிலிருந்து மேலே வருவது. மேலேயிருந்து தொடங்கினால் கீழூர்க்காரர் வயலில் தண்ணீரைக் கொண்டுபோய் விட்டதாக ஆகும், சண்டையும் வரும். கடல்மட்டத்துக்குக் கீழே பயிர் செய்கிற கேரளத்துக் குட்டநாட்டில் வரப்பைச் சுற்றிலும் உயர்த்தி, ஊர் சேர்ந்து மோட்டாரால் இறைக்கிறார்கள். அந்தக் கூட்டு ஏற்பாடு இல்லாமல் நாம் தனித்தனியாக மோட்டார் வைத்தால் ஒருவர் தண்ணீரை அடுத்தவர் இறைத்துக்கொண்டிருப்போம்.

12. அறுப்புக்கு மெஷின் எறங்க மாட்டேங்குது.

டயர் வண்டி வேண்டாம், பெல்ட் வண்டி கேளுங்கள். வாடகை கூடத்தான். கதிர் மஞ்சளாகத் தொடங்கியதும் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். இந்தக் களி ஈரத்தை விட மறுக்கும் என்பதால் மணற்பாங்கான வயல்காரர் நிறுத்துகிற நாளுக்கும் முன்னாலேயே நிறுத்துங்கள். ஈரத்தில் ஓடிய வண்டித் தடம் அடுத்த போகத்திலும் தண்ணீர் தேங்கும் பள்ளமாக நிற்கும், உழவு அடித்தாலும் முழுக்கச் சரியாகாது.

13. இவ்வளவு குறை சொல்றீங்க. ஆனா தை மாசத்துல உளுந்து தண்ணியே இல்லாம வருதே?

இந்த மண்ணின் நல்ல பக்கம் அது. வடியாத மண் என்றால் ஈரத்தைப் பிடித்து வைக்கிற மண் என்றும்தான் பொருள். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், மெழுகு பதத்தில் நிற்கும் ஈரத்தில் உளுந்தையோ பயறையோ தூவிவிட்டால், மிச்ச ஈரத்திலும் பனியிலுமே காய்த்துவிடும். ஏடிடீ 3 உளுந்து இதற்கென்றே வந்த ரகம். பூக்கும்போதும் அதிலிருந்து இரண்டு வாரத்திலும் 2 சதவீத டி.ஏ.பி. கரைசல் தெளித்தால் போதும், மண்ணில் உரம் போட வேண்டியதில்லை.

பதம் தப்பினால்தான் வம்பு. கால் புதைகிற சேற்றில் தூவினால் விதை அழுகும். வெடிப்பு விட்ட பிறகு தூவினால் வெடிப்புக்குள் போய்விடும். மெஷின் அறுப்பு என்றால் அறுப்புக்கு ரொம்ப முன்னதாகத் தூவாதீர்கள், முளைத்த செடி பெல்ட்டுக்கு அடியில் நசுங்கும்.

14. சம்பா பயிரு அஞ்சு நாளா முழுகிக் கெடக்கு. தேறுமா?

வளர்ந்த பயிரின் நுனி வெளியே தெரிந்தால் பயம் வேண்டாம், ஐந்தாவது பதிலில் சொன்ன காற்றுக்குழாய் வேலை செய்யும். முழுக்க மூழ்கினால் சாதாரண ரகங்கள் ஒரு வாரம் தாங்குவதே பெரிது, கலங்கல் தண்ணீர் என்றால் இன்னும் குறைவு. சிஆர் 1009 சப்-1, சுவர்ணா சப்-1 போன்றவை இரண்டு வாரம் வரை தாங்கும். தண்ணீருக்குள் நீண்டு வளர்ந்து சத்தைச் செலவழிக்காமல் அடங்கிக் கிடப்பதுதான் அவற்றின் தந்திரம். உங்கள் வயல் ஆண்டுக்காண்டு மூழ்குமென்றால் விதை வாங்கும்போதே இதைக் கேட்டு வாங்குங்கள்.

தண்ணீர் வடிந்த அன்றே யூரியா வீசாதீர்கள். புதுக் குருத்தும் புது வேரும் வரட்டும். ஏழாவது பதிலில் உள்ள துத்தநாகத் தெளிப்பு இங்கேயும் பொருந்தும்.

15. அந்தக் காலத்துல வெள்ளம் வந்தா வண்டல் வரும், உரமே தேவப்படாதுன்னு தாத்தா சொல்வாரு. இப்ப ஏன் வரல?

1934-இல் மேட்டூர் அணை வந்தபிறகு வண்டலில் பெரும்பங்கு அங்கேயே படிந்துவிடுகிறது. மீறி வருகிற பெருவெள்ளத்தைக் கொள்ளிடம் வாங்கிக் கடலுக்குக் கொண்டுபோய்விடும். அது நல்லதுக்குத்தான், இல்லையென்றால் ஊர் தாங்காது. ஆனால் பள்ள வயலை வருஷாவருஷம் கொஞ்சம் உயர்த்தி வந்த கை நின்றுபோனது. இப்போது வயலில் நிற்பது பெரும்பாலும் மழைத்தண்ணீர், அதில் வண்டல் ஏது? வரும்போது வண்டலைத் தராமல் போகும்போது தழைச்சத்தை எடுத்துப் போகிற தண்ணீர் அது. தக்கைப்பூண்டு விதைத்து மடக்குங்கள், ஈரத்தையும் களரையும் தாங்கும் பசுந்தாள் அதுதான். சணப்பு இங்கே நிற்காது.

16. வயல மனையா போட்டு விக்கிறாங்க. வெல கம்மி. வீடு கட்டலாமா?

கட்டலாம், செலவு அடித்தளத்தில் போகும். எட்டாவது பதிலில் சொன்ன, நனைந்தால் உப்புகிற மண் வீட்டையும் தூக்கி இறக்கும். சுவரில் சாய்வாக ஓடும் விரிசல் அதனால் வருவதுதான். சாதாரண கடைக்கால் போதாது. மண் பரிசோதித்து, அடியில் குமிழ் உள்ள அண்டர்-ரீம்டு பைல் போடலாமா என்று பொறியாளரிடம் கேளுங்கள். மனையை உயர்த்த அதே வயல் களியைக் கொட்ட விடாதீர்கள், கிராவல் கேளுங்கள்.

வீட்டைவிடக் கழிவறைதான் முதலில் சிக்கல் தரும். செப்டிக் டேங்கிலிருந்து வரும் தண்ணீரை உறிஞ்சு குழி மண்ணுக்குள் விட வேண்டும், ஆனால் மண் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. குழியின் அடிமட்டம் மழைக்கால நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். இங்கே அது நடக்காவிட்டால் கழிவு அடிபம்புத் தண்ணீரோடு கலக்கும். மேட்டில் உயர்த்திக் கட்டிய குழியோ, மூடிய தொட்டியில் சேர்த்து லாரியில் எடுப்பதோ, இரண்டில் ஒன்றைத் திட்டத்திலேயே சேருங்கள். மனையைப் பங்குனியில் காட்டுவார்கள். நீங்கள் கார்த்திகையில் ஒருமுறை போய், பக்கத்து வீட்டு அம்மாவிடம் மழைக்காலத்தில் கழிவறையில் தண்ணீர் இறங்குகிறதா என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.